புதுப்பிப்பு: பாண்டி பஜாரில் கார் நிறுத்தமும் கடைகளும்

தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்திக் கார் நிறுத்தத்தைக் குறைத்தது கடைகளுக்கு நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். "கார் நிற்காத இடத்தில் வியாபாரம் நடக்காது" என்றே பலரும் எழுதினீர்கள்.

சென்ற வாரம் மாலையில் போய்ப் பார்த்தேன். 2019 நவம்பரில் திறந்த அந்த நடைபாதையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எரிச்சல் வேறு இடத்தில். தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருக்களில் வீட்டு வாசலை அடைத்து நிறுத்துகிறார்கள். தெருவில் சும்மா இடம் கிடைக்கும்வரை காசு கொடுத்து மாடியில் யார் நிறுத்துவார்? உட்தெருக்களிலும் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்பது என் கட்சி.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதையை யாருமே குறிப்பிடவில்லை. ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். ரயிலில் வருகிறவர் தரும் பணமும் பணம்தானே!

நடைபாதை வியாபாரிகளைப் பற்றிக் கேட்டவருக்கு: முன்பே பலரைப் பாண்டி பஜாரிலேயே ஒரு வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாடி ஏறி வளையல் வாங்க ஆள் வருவதில்லை என்பது அவர்களின் பழைய குறை.