ரெட்ரோபிரைட்: 'வெயில்வெளுப்பு' என்று சொல்லலாமா?

அன்புடையீர், வணக்கம்.

மஞ்சளாகிப்போன பழைய கணினிப் பெட்டிகளின் பிளாஸ்டிக்கை, ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரும் முறைக்கு ஆங்கிலத்தில் 'ரெட்ரோபிரைட்' என்று பெயர். அதற்கு நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த தமிழ்ச்சொல்லான 'பழமைப் பொலிவூட்டல்' என் மனத்துக்கு ஒட்டவில்லை. ஆங்கிலப் பெயரே கடைச்சரக்குப் பெயர் மாதிரி இருக்கிறது. அதை அப்படியே பெயர்த்தால் என்ன வேலை நடக்கிறது என்று புதிதாய்ப் படிப்பவருக்கு விளங்காது.

சித்திரை வெயிலில், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில், 'பிபிசி மைக்ரோ' என்ற பழைய பிரிட்டிஷ் கணினி ஒன்றின் மேல்மூடியைக் காய வைத்தேன். 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த அதே வகைக் கணினி. எனக்குக் காயலான் கடையில் கிடைத்தது. மூடி முழுக்க நாள்பட்ட பனியன் மஞ்சள். மேலே ஒட்டியிருந்த சீட்டை ஈரத்துணியால் நனைத்து உரித்தேன். அடியில் தீப்பெட்டி அளவுக்கு அசல் நிறம், இளந்தந்த வெண்மை, அப்படியே இருந்தது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

இந்த மாற்றத்துக்கு 'மஞ்சளாதல்' வேண்டாம். பழந்தாளுக்குச் சொல்கிற 'பழுப்பேறல்' கையிலேயே இருக்கிறது. தீப்பற்றாமலிருக்க, ஏபிஎஸ் என்னும் கணினிப் பெட்டி பிளாஸ்டிக்கில் சேர்க்கும் புரோமின் சேர்மங்களும், ஒளியும் சூடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து செய்கிற வேலை அது என்பது பரவலான விளக்கம்.

இந்தப் பழுப்பைப் போக்க, சலூன் சாமான் கடையில் '40 வால்யூம்' என்று கேட்டால் கிடைக்கும் 12 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைத் தூரிகையால் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முதல் முறை தாளைச் சுருக்கமாக விட்டுவிட்டேன். சுருக்கம் இருந்த இடமெல்லாம் கோடு கோடாக நின்றது. மறுபடி பூசி, அரைமணிக்கொரு தடவை திருப்பி வைத்த பிறகே சீரானது.

இதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஆயா, "இன்னாப்பா, பொட்டிய வெளுக்கிறியா?" என்றார். அதுதான் சொல்! கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்களால் பெயர் பெற்ற ஊர் இது. 'வெளு'வுக்குச் 'செய்', 'ஆகு' போன்ற ஒட்டுவினை தேவையில்லை: மூடியை வெளுத்தேன், மூடி வெளுத்தது.

'சாயம் வெளுத்துப் போச்சு' என்றால் நிறம் போனதாக அல்லவா பொருள், என்று தோழி ஒருவர் கேட்டது சரியான கேள்வி. அதனால்தான் 'வெயில்வெளுப்பு' என்று சேர்த்துச் சொல்கிறேன். புற ஊதா விளக்கில் செய்பவர்களுக்கு 'விளக்குவெளுப்பு'. 'வெளுப்பு' என்ற தலைச்சொல் மாறாது.

இதற்கு 'நிறமீட்பு' என்றும் சொல்லலாம்; அழகான சொல்தான். ஆனால் வெளுத்த பிளாஸ்டிக் சில ஆண்டுகளில், இருட்டில் வைத்தால்கூட, மறுபடி பழுப்பேறுவது உண்டு. மீட்டுவிட்டதாகச் சொல்லும் பெயரை அதற்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் நம் சொற்பட்டியலில் 'பழுப்பேறல்', 'வெயில்வெளுப்பு' இரண்டையும் இந்த வாரமே ஏற்றிவிடுகிறேன்.