கோதையாறு ஏத்தத்துல சூடு: தெர்மோஸ்டாட் வேணுமா, களஞ்சிரலாமா?

கோதையாறு ஜிப்ஸி
வண்டி 1999 மாருதி ஜிப்ஸி கிங், 1298 சிசி, கார்புரேட்டர். அப்பா ஓட்டினது, இப்ப என் கையில. பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு ரோட்டுல ரெண்டாவது கியர்ல ஏறும்போது சூடு காட்டுற முள் முக்காலைத் தாண்டிரும். மூணு மாசம் முன்ன நாகர்கோவில்ல ஒரு வொர்க்‌ஷாப்புல காட்டினேன். தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம அடைக்கிற வால்வு) கழட்டி என் கையில கொடுத்து, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு, குளிர் நாட்டுக்காரன் வச்சது" என்று அனுப்பிட்டாங்க. ரேடியேட்டர்ல ஊத்தினது பைப்புத் தண்ணி.

இப்ப நிலவரம்: தரையில ஓடும்போது முள் கால்வாசிகூட ஏறாது. காலையில ஒரு அஞ்சு கிலோமீட்டர் வரைக்கும் இருமிக்கிட்டே வருது. லிட்டருக்கு 11 கொடுத்த வண்டி 9-க்கு வந்துட்டு. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளை நுரை. இத்தனைக்கும் அப்புறம், போன வாரம் கோதையாறு ஏறினேன், முள் மறுபடி முக்கால்!

புது தெர்மோஸ்டாட் போட்டு, ரேடியேட்டரை ஃப்ளஷ் பண்ணி (உள்ளே அலசி), தண்ணியோட கலக்குற கூலண்ட் ஊத்தலாம்னு நினைக்கேன். வீட்டு முற்றத்துல நானே செய்யப் போறேன். தடுக்கிறவங்க இப்பவே தடுங்க.

பழைய ஸ்பேனர்
தடுக்கேன். எனக்க கமாண்டர் ஜீப்புல இருவது வருசமா தெர்மோஸ்டாட் கெடையாது. குலசேகரத்துலேந்து எஸ்டேட்டுக்கு ஆளு ஏத்தி, மேல கேரியர்ல அரிசிச் சாக்கும் போட்டு ஓடின வண்டியாக்கும். ஓடைத் தண்ணியக் கோரி ஊத்துவோம், வண்டி போவும். அந்தச் சாமான் ஒரு நாள் மூடிக்கிட்டுத் தொறக்காம நின்னுச்சுன்னா எஞ்சின் ஹெட்டு வளைஞ்சு போவும். காட்டுக்குள்ள போற வண்டிக்கு அந்தப் பயம் எதுக்கு மக்கா? உள்ளதச் சொல்லுதேன், வேணும்னா கேளு.

ஆரல்காத்து
அண்ணாச்சி, ஒரு கேள்வி. கழட்டின பிறகும் கோதையாறுல முள் ஏறுதுன்னு தம்பியே எழுதியிருக்கார். அப்போ சூட்டுக்குக் காரணம் தெர்மோஸ்டாட் எப்படி ஆகும்? வீட்டுல இல்லாதவன் மேல திருட்டுப் பழி போடுற கதை. முதல்ல ரேடியேட்டரைப் பாருங்க, அதோட மூடியைப் பாருங்க, ஃபேன் பெல்ட் வழுக்குதான்னு பாருங்க.

அந்த மோர் நுரையைப் பார்த்து ஹெட் கேஸ்கட் போச்சு, தண்ணி ஆயில்ல கலக்குதுன்னு யாராவது சொன்னா உடனே நம்பிராதீங்க. எஞ்சின் சரியா சூடேறலைன்னா உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே போகாது. அது ஆயில் மூடியில வந்து படிஞ்சு ஆயிலோட கலந்து நுரைச்சு நிற்கும். தண்ணி மட்டம் குறையாம இருந்தா, புகை வெள்ளையா வராம இருந்தா, பெரும்பாலும் அதுதான்.

ரப்பர்பால்
நான் கேள்விப்பட்டது வேற. தெர்மோஸ்டாட் இல்லைன்னா தண்ணி ரேடியேட்டருக்குள்ள ரொம்ப வேகமா ஓடும், ஆறதுக்கு நேரம் கிடைக்காது, அதான் சூடாகுதாம். அதனால புதுசு போடுங்க.

மணவாளக்குறிச்சிக்காரன்
ரப்பர்பால் தம்பி, முடிவு சரி, காரணம் தப்பு. ஒரே தண்ணிதான் சுத்திச் சுத்தி வருது. வேகமா ஓடினா ஒரு சுற்றுல குறைச்சு ஆறும், ஆனா அதிகச் சுற்று வரும். வேகத்தால ரேடியேட்டர் வெளியே விடுற சூடு குறையாது. சில எஞ்சின்ல வேற சங்கதி உண்டு. தெர்மோஸ்டாட்டோட அடித்தட்டு, சூடேறினதும் பைபாஸ் ஓட்டையை அடைக்கிற மாதிரி செஞ்சிருப்பான். அதைக் கழட்டினா ஓட்டை திறந்தே கிடக்கும், கொதிக்கிற தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம எஞ்சினுக்குத் திரும்பிரும்.

நான் வளைகுடாவுல பதினாலு வருசம் பாலைவன வண்டிகளுக்குக் கீழே படுத்தவன். வெயில் 48 டிகிரி. அங்கே எந்த வண்டியிலயும் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி ஓட்டச் சொல்லி யாரும் சொன்னதில்ல. வெளியே எவ்வளவு வெயில்னாலும் எஞ்சினுக்கு 82-க்கு மேல வேணும். கார்புரேட்டர் வண்டியில பெட்ரோல் ஆவியாகலைன்னா சொட்டாவே உள்ளே போய் சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயிலைக் கழுவிரும். அந்த 11, 9 ஆன கணக்கு அதுதான். மைலேஜ் குறையுறதோட பிஸ்டன் ரிங்கும் தேயும்.

ஸ்பேனர் அண்ணாச்சி, உங்க கமாண்டர் டீசல், பிளாக் வார்ப்பிரும்பு. இரும்பு எதையும் தாங்கும். ஜிப்ஸி கிங்குல பிளாக்கும் அலுமினியம், ஹெட்டும் அலுமினியம். எங்க கடற்கரைக் கிணத்துத் தண்ணியை ஊத்தினா உப்பு உள்ளே இருந்தே அரிக்கும். வாட்டர் பம்ப் பக்கத்துல புள்ளி புள்ளியா குழி விழுந்த கேசிங்கை நான் கையில பிடிச்சிருக்கேன், சொத்தைப் பல்லு மாதிரி இருக்கும்.

பழைய ஸ்பேனர்
அலுமினியம்னு சொன்னது சரி, ஒத்துக்கிடுதேன். எங்க பேச்சிப்பாறைத் தண்ணி ஒனக்க கடற்கரைத் தண்ணி மாதிரி இல்ல, அதையும் எழுதிக்க. இப்பம் நான் ஒண்ணு கேக்கேன். சூட்ட எடுக்கதுல பச்சத் தண்ணிய வெல்லுத கூலண்ட் உண்டா? இல்லல்லா? அந்தச் சாமானக் கலந்தா சூடு எடுக்கது கொறையும். இங்க தண்ணி ஒறையுமா? கொடைக்கானலா இது? அப்பம் லிட்டருக்கு முந்நூறு நானூறு கொடுத்துப் பச்சத் தண்ணி வாங்கணுமா? கலர்த் தண்ணிக்கு ஒரு வியாபாரம்!

மணவாளக்குறிச்சிக்காரன்
சூடு எடுக்கிறதுல தண்ணிதான் ராஜா. அதுல சண்டை இல்ல. ஆனா தண்ணி துருப்பிடிக்க வைக்கும், பம்ப் சீலுக்கு வழவழப்பும் தராது. சுசுக்கி சர்வீஸ் புத்தகத்துலயே இதுக்குப் பதில் இருக்கு: உறைபனி வராத ஊரா இருந்தாலும் 30 பங்கு கூலண்ட், 70 பங்கு தண்ணி. உறையாம இருக்கிறதுக்காக இல்ல, அரிப்பைத் தடுக்க. பாதிக்குப் பாதி ஊத்தினா அண்ணாச்சி சொன்ன நஷ்டம் கூடும், 30-ல அது சின்னது. கொதிநிலையைக் காப்பாத்துறதுல பெரிய வேலை ரேடியேட்டர் மூடிக்குத்தான். 0.9 கிலோ அழுத்தம் பிடிக்கிற மூடி நல்லா இருந்தா வெறும் தண்ணியே 118 வரைக்கும் கொதிக்காது. மூடி ரப்பர் வெடிச்சிருந்தா 100-லயே பொங்கிரும். அந்த மூடியை யாரும் பார்க்கிறதே இல்ல!

பழைய ஸ்பேனர்
மூடி விசயம் கொள்ளாம். அத நானும் சொல்லியிருக்கணும்.

ரப்பர்பால்
ஃப்ளஷ் பண்ண ஆசிட் ஊத்தலாமா? எங்க பக்கத்துல ஒருத்தர் பாத்ரூம் கழுவுற ஆசிட் ஊத்தி பளபளன்னு ஆக்கினார்.

ஆரல்காத்து
வேண்டவே வேண்டாம். அவர் வண்டி அடுத்த மாசம் எங்கே ஒழுகுச்சுன்னும் கேட்டுட்டு வாங்க. அந்த ஆசிட் அலுமினியத்தைத் தின்னும், பழைய பித்தளை ரேடியேட்டர்ல ஈயப் பற்று வரைக்கும் போகும். தண்ணியே போதும், பொறுமை வேணும். ஊத்து, சூடேத்து, ஆறவிடு, வடி. தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும். ஹீட்டர் இருந்தா நாப்பைச் சூட்டுப் பக்கம் வைக்கணும், இல்லைன்னா அந்தக் குழாயில பழைய அழுக்கு அப்படியே தங்கும்.

தம்பி, கடைசியா ஒரு சங்கதி. வடிக்கும்போது எல்லாம் வடியாது, பிளாக்குல கொஞ்சம் நிற்கும். கலந்தே விக்கிற கூலண்ட் வாங்கினா உள்ளே நிற்கிற தண்ணியோட சேர்ந்து நீர்த்துப் போகும். கலக்காத கூலண்டா வாங்கி, மொத்தக் கொள்ளளவுக்குக் கணக்குப் போட்டு அதை முதல்ல ஊத்துங்க. மிச்சத்துக்கு பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர்.

கோதையாறு ஜிப்ஸி
ஞாயித்துக்கிழமை முடிஞ்சது. நீளமா எழுதுறேன், பொறுத்துக்கிடுங்க.

முதல்ல அந்த வொர்க்‌ஷாப்புல கழட்டித் தந்த பழைய தெர்மோஸ்டாட். நல்லவேளை, டேஷ்போர்டுக்குள்ளயே கிடந்துச்சு. அக்கா பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சர், லேப் தெர்மாமீட்டர் ஒண்ணு இரவல் வாங்கி வந்தாங்க. அம்மா கண்ணுல படாம ஒரு பழைய அலுமினியச் சட்டியில தண்ணி வச்சு, தெர்மோஸ்டாட்டை நூல்ல கட்டி, அடியில முட்டாம தொங்க விட்டேன். வால்வு இடுக்குல இன்னொரு நூலைச் செருகி வச்சேன். 80 வரைக்கும் ஒண்ணும் நடக்கல. 83 காட்டும்போது நூல் தானா நழுவி விழுந்துச்சு. அதுல அச்சடிச்சிருக்கிற எண் 82. கொதி வரும்போது வாய் முழுசாத் திறந்து நின்னுச்சு, ஆறினதும் மூடிருச்சு. 26 வருசச் சாமான்! அது மேல ஒரு குத்தமும் இல்ல.

அப்புறம் ரேடியேட்டர். ஆரல்காத்து அண்ணன் சொன்னதால வண்டியைச் சூடேத்தி, அணைச்சு, ஃபேன் நின்ன பிறகு முன்பக்கம் கைவச்சுத் தடவினேன். ஓரத்துல சுட்டுச்சு, நடுவுல ரெண்டு கை அகலத்துக்குப் பச்சுன்னு இருந்துச்சு. கழட்டிக் கோட்டாறுல ரேடியேட்டர் வேலை செய்றவர்கிட்ட கொண்டுபோனேன். மேல்தொட்டியைப் பிரிச்சுக் காட்டினார். மூணுல ஒரு பங்கு குழாய் காவி நிறத்துல அடைஞ்சு கிடக்கு, வெந்நீர்ப் பானை அடியில படியுமே அந்த மாதிரி. கம்பி விட்டுக் குத்தி எடுத்து, திரும்பப் பற்றவச்சுக் கொடுத்தார். மூடி ரப்பரும் சுத்தி வெடிப்பு. மூடி புதுசு வாங்கினேன்.

இன்டேக் மேனிஃபோல்டுக்கு முன்னாடி இருக்கிற தெர்மோஸ்டாட் மூடியில ரெண்டு போல்ட், 12 ஸ்பேனர். ஒண்ணு லேசா வந்துச்சு. இன்னொண்ணு உப்புப் பூத்துப் பிடிச்சிருந்தது. வலிச்சு ஒடிச்சிருவேனோன்னு பயந்து, எண்ணெய் விட்டுட்டு சாப்பிடப் போயிட்டு வந்தேன். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது கந்தல் துணியை ஓட்டைக்குள்ள அடைச்சேன், பொடி உள்ளே விழாம இருக்க. புது தெர்மோஸ்டாட், ஸ்பிரிங் எஞ்சின் பக்கம், காத்துப் போற சின்ன ஓட்டை மேல் பக்கம். பேப்பர் கேஸ்கட்டுக்கு மெல்லிசா அனபாண்ட் பசை தடவினேன். பழையதை ஏன் போடலைன்னு கேட்காதீங்க, விலை ஒரு சினிமா டிக்கெட்டுதான்.

நாலு தடவை தண்ணி மாத்தினேன், கடைசி ரெண்டும் டிஸ்டில்டு. ஒவ்வொரு தடவையும் வடிஞ்சது மூணு லிட்டர்தான், உள்ளே போறது அஞ்சு லிட்டர் சொச்சம். அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஒன்றரை லிட்டர் கூலண்ட் முதல்ல, அப்புறம் தண்ணி. முற்றத்துச் சரிவுல முன்பக்கத்தை மேல வச்சு, மூடியைத் திறந்தே ஓடவிட்டேன். ஒரு கட்டத்துல ரெண்டு குமிழி வந்து தண்ணி மட்டம் சட்டுன்னு இறங்குச்சு, தெர்மோஸ்டாட் திறந்திருச்சுன்னு அப்ப தெரிஞ்சது. மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி மிச்சக் காத்தையும் எடுத்தேன். கழிவை கேன்ல பிடிச்சுட்டேன். மூணு மாசத் தண்ணிக்குள்ளயும் பழைய கூலண்ட் மிச்சம் இருந்திருக்கும்போல, லேசா பச்சை. விஷம், ஆனா இனிப்பா இருக்கும்கிறதால பக்கத்து வீட்டு மாடு நக்கிரக் கூடாதே.

நேத்து கோதையாறு போனேன். முள் பாதியில நின்னுச்சு. அந்தக் கடைசிக் கொண்டை ஊசிக்கு மட்டும் ஒரு நூல் ஏறி இறங்குச்சு. ஆயில் மூடி நுரையைத் துடைச்சு விட்டிருக்கேன், இதுவரை திரும்பி வரல.

பழைய ஸ்பேனர்
எல்லாம் செரிதான். ஆனா நேத்து கோதையாறுல என்ன மழை! எனக்க வீட்டு முத்தத்துல முட்டளவு வெள்ளம். மழையில ஏறினா மாட்டு வண்டியும் சூடாவாது. பங்குனி வெயில்ல, நாலு ஆளு ஏத்திக்கிட்டு ஏறு. முள்ளு பாதியில நின்னுச்சுன்னா இங்கன வந்து எழுது, பொறவு பாப்போம்.

கோதையாறு ஜிப்ஸி
பங்குனியில நீங்களும் வாங்க அண்ணாச்சி, நாலு ஆளுல ஒருத்தரா.

பழைய ஸ்பேனர்
வாறேன். அந்தப் பழைய தெர்மோஸ்டாட்டக் களையாத. 12 ஸ்பேனரும் ஒரு கேன் தண்ணியும் வண்டியிலயே கெடக்கட்டும்.