'பகலொளி சேமிப்பு நேரம்': சின்னதாக வேறு சொல் உண்டா?

ஒயிட்ஃபீல்டிலிருந்து
அனைவருக்கும் வணக்கம். கைப்பேசி அமைப்புத் திரையின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். 'பகலொளி சேமிப்பு நேரம்' பொத்தானில் அடங்காமல் 'பகலொளி சேமி…' என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். மார்ச்சில் நியூயார்க்கின் காலை 10 மணிக் கூட்டம் பெங்களூரில் இரவு 8:30லிருந்து 7:30க்கு வந்துவிடும். அந்தச் சமாச்சாரம்தான்.

அல்சூரிலிருந்து
தம்பி, எதைச் சேமித்தார்களாம்? வங்கிக் கணக்கா அது? பகலொளிக்கு 'எல்' என்ற பழஞ்சொல் இருக்கிறதே. எல் படும் பொழுதுதான் எற்பாடு. 'எல்நேரம்' என்று வையுங்கள். ஐந்தே எழுத்து.

மல்லேஸ்வரத்திலிருந்து
ஐயா, நல்+நூல் நன்னூல் ஆனால், எல்+நேரம் என்னேரம் ஆகும். இரவுக் கூட்டத்துக்குக் காத்திருப்பவன் திரையில் அதைப் பார்த்தால் 'எல்லாம் என் நேரம்' என்றுதான் நொந்துகொள்வான். 'கோடை நேரம்' போதும்.

கோரமங்கலாவிலிருந்து
அக்கா, நம் கோடை ஏப்ரல், மே. சிட்னியில் ஏப்ரல் முதல் ஞாயிறே இந்த ஏற்பாடு முடிந்துவிடும்! இன்னொன்று: கருவி உள்ளே எதையும் தள்ளுவதில்லை. அது உலகப் பொது நேரத்தையே (UTC) வைத்துக்கொண்டு, 'ஆசியா/கொல்கத்தா' என்ற இந்திய நேர விதிப்படி 5:30 மணி கூட்டிக் காட்டுகிறது. நியூயார்க்குக்கு ஒரு பருவத்தில் 5 மணி கழிக்கும், மறு பருவத்தில் 4. நவம்பரில் அந்த ஞாயிறு அங்கே இரவு 1:30 இரண்டு முறை வரும். எந்த 1:30 என்று காட்ட, மணிக்கு முன்னால் ஒட்டக்கூடிய சொல் வேண்டும். 'முன்தள்ளு நேரம்' எப்படி?

மல்லேஸ்வரத்திலிருந்து
பேருந்து ரிப்பேர் ஆனது போல் இருக்கிறது. 'கோடை 1:30', 'இயல்பு 1:30'. ஒட்டுகிறதே!

அல்சூரிலிருந்து
இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, இந்தியாவிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. அந்நாளைய தமிழ் இதழ்கள் அதை எப்படி எழுதின என்று தேடிப் பார்க்க வேண்டாமா?

ஒயிட்ஃபீல்டிலிருந்து
ஐயா, நாளை வெள்ளிக்கிழமை. மணிக்கு முன்னால் ஒட்டுவதால் 'கோடை நேரம்' என்றே அனுப்புகிறேன். டைம் ஸோனுக்கு 'நேர வலயம்' அப்படியே இருக்கட்டும்.

அல்சூரிலிருந்து
அனுப்புங்கள், என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். புணர்த்தாமல் 'எல் நேரம்' என்று பிரித்து எழுதினால் என்ன குடி முழுகிவிடும்? 'வலயம்' வடசொல்லா, நம் 'வளை'யின் உறவா என்பதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.