காற்புள்ளி மாற்றிய பொருள்: ஆங்கில நிறுத்தக்குறிகளோடு நம் அனுபவங்கள்

ஆவணத் திருத்துநர், சென்னை

ஒப்பந்த ஆவணங்களைத் திருத்துவது என் தொழில். அண்மையில் ஒரு வணிக வளாகத்தின் வாடகை ஒப்பந்த வரைவு என்னிடம் வந்தது. முன்பணம் செலுத்திய கடைக்காரர்கள் மட்டும் வாகன நிறுத்துமிடத்தைப் பயன்படுத்தலாம் என்பதே உரிமையாளரின் கருத்து. ஆனால் ஆங்கில வாக்கியத்தில், முன்பணம் செலுத்தியதைக் கூறும் பகுதிக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி இடப்பட்டிருந்தது. அந்த இரண்டு புள்ளிகளால், கடைக்காரர்கள் அனைவருக்கும் நிறுத்துமிடம் உண்டு, அவர்கள் முன்பணம் செலுத்தியிருப்பது கூடுதல் செய்தி என்று பொருள் மாறிவிட்டது. வரைவை எழுதியவரிடம் கேட்டபோது, வாக்கியம் நீளமாக இருந்ததால் மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி இட்டதாகச் சொன்னார்.

அவர் சொன்ன காரணத்தை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். தமிழில் ‘முன்பணம் செலுத்திய கடைக்காரர்கள்’ என்ற தொடரே இரண்டு பொருளுக்கும் போதும். எது பொருள் என்பதைச் சூழலிலிருந்து உணர்ந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டைக் காற்புள்ளி சுமக்கிறது. ஆகவே அதை மூச்சின் குறியாக எண்ணி இடுகிறவர், தாம் எண்ணாத ஒன்றை எழுதிவிடுகிறார்.

இதே குறி இல்லாமல் போனதால் நேர்ந்த வழக்கு ஒன்றைப் புதிதாகப் பணியில் சேருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், சில உணவுப் பொருள்கள் தொடர்பான பணிகளுக்கு மிகைநேர ஊதியம் இல்லை என்று ஒரு சட்டம் பட்டியலிட்டிருந்தது. பதப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்தல் என்று நீளும் அந்தப் பட்டியலின் இறுதியில் பொட்டலமிடுதல், அனுப்புதல், விநியோகம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் வந்தன. ‘அல்லது’ என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை. அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொட்டலமிடுவது என ஒரே பணியாகவும் அதைப் படிக்கலாம். அனுப்புவதற்காகப் பொட்டலமிடுவது, விநியோகிப்பது என இரண்டு பணிகளாகவும் படிக்கலாம். தமிழில் இவ்விரண்டையும் ஒரே சொற்களால் எழுத முடியாது, வேற்றுமை உருபும் ‘ஓ’வும் பிரித்துக் காட்டிவிடும். ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் விநியோகித்தார்களே தவிரப் பொட்டலமிடவில்லை. சட்டத்தின் வாசகம் ஐயத்துக்கு இடமளிக்கிறது என்பதால் 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. இதற்கிடையே, தீர்ப்பு வந்த 2017ஆம் ஆண்டிலேயே மாநிலச் சட்டமன்றம் அந்தப் பட்டியலைத் திருத்தி, ஒவ்வொரு பணிக்கும் இடையே அரைப்புள்ளி இட்டது.

உங்கள் பணியில் நீங்கள் கண்டவற்றையும் எழுதுங்கள்.

ஆங்கில ஆசிரியை, தஞ்சாவூர்

ஐயா, எங்கள் பகுதியில் தட்டச்சு நிலையங்களில் எழுதித் தரும் விண்ணப்பங்கள் பலவற்றின் முடிவில், ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்பதில் எஸ் எழுத்துக்கு முன் ஓர் அப்பாஸ்ட்ரஃபி (’) நிற்கிறது. உடைமையைக் குறிக்கும் சொல் ஆயிற்றே, குறி இருக்கத்தானே வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்விதான். பெயர்ச்சொல்லுக்குத்தான் அந்தக் குறி வேண்டும். யுவர்ஸ், ஹெர்ஸ், இட்ஸ் போன்றவை உடைமைப் பொருளைத் தமக்குள்ளேயே கொண்டவை. ‘இட்ஸ்’ என்பதில் குறி வந்தால் அது ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்பதன் சுருக்கம். ஐயம் வரும்போது சுருக்கத்தை விரித்துப் படித்துப் பார்க்கச் சொல்கிறேன். வாக்கியம் நின்றால் குறி இருக்கட்டும், குலைந்தால் எடுத்துவிட வேண்டும்.

இதைவிட நான் அதிகம் போராடுவது, முழு வாக்கியங்கள் இரண்டைக் காற்புள்ளியால் மட்டும் ஒட்டும் பழக்கத்தோடு. ‘மழை பெய்தது, பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்’ என்று தமிழில் எழுதினால் யாருக்கும் உறுத்தாது. ஆங்கிலத்தில் அங்கே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், அல்லது காற்புள்ளியோடு ஓர் இணைப்புச் சொல் வர வேண்டும். கையால் ஒரு பாதியை மறைத்துக்கொண்டு மறு பாதியைப் படிக்கச் சொல்வேன். இரண்டு பாதியும் தனித்து நிற்குமானால் காற்புள்ளி மட்டும் போதாது என்பதை நன்றாகப் படிக்காத பிள்ளைகளும் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். வாக்கியம் மேற்கோளோடு முடியும்போது, முற்றுப்புள்ளி மேற்கோள்குறிக்கு உள்ளேயா, வெளியேயா? எங்கள் பாடநூல்களில் இரு விதமாகவும் காண்கிறேன்.

ஏற்றுமதிக் கணக்கர், திருப்பூர்

எண்களில் வரும் குறிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. நாம் 12,50,000 என்று எழுதுவதை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1,250,000 என்று எழுதுவார்கள். மதிப்பு ஒன்றே என்பதால் அதிகக் கேடில்லை. ஜெர்மனியில் தசமத்துக்கே காற்புள்ளி இடுகிறார்கள். அங்கிருந்து வந்த ஒரு சரக்குப் பட்டியலில், ஒரு பெட்டியின் எடை ‘12,500 கிலோ’ என்றிருந்தது. பன்னிரண்டரை கிலோ என்பதே அதன் பொருள். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அதைப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்று ஆங்கிலப் படிவத்தில் ஏற்றப் போன நேரத்தில் மேலாளர் பார்த்துவிட்டார். இப்போது ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது, தேவையற்ற மூன்று தசம இடங்களைத் தவிர்த்து, தசமத்துக்குப் புள்ளியே இடுவோம் என்று முதல் மடலிலேயே தெரிவித்துவிடுகிறோம்.

ஆவணத் திருத்துநர், சென்னை

அம்மா, நீங்கள் கண்ட இரண்டும் சரியே. முற்றுப்புள்ளியையும் காற்புள்ளியையும் மேற்கோள்குறிக்கு உள்ளே இடுவது அமெரிக்க வழக்கம். புள்ளி மேற்கோளுக்கு உரியதானால் உள்ளேயும், முழு வாக்கியத்துக்கு உரியதானால் வெளியேயும் இடுவது பிரிட்டிஷ் வழக்கம். தேர்வுத்தாளில் எதைப் பின்பற்றினாலும், இறுதிவரை அதையே பின்பற்றச் சொல்லுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் நான் அமெரிக்க வாடிக்கையாளர்களிடமும் பிரிட்டிஷ் முறைக்காக வாதாடுவேன். பயனர் கையேட்டில், தட்டச்சு செய்ய வேண்டிய கடவுச்சொல்லை மேற்கோள்குறிக்குள் கொடுத்து, வாக்கியத்தின் முற்றுப்புள்ளியையும் உள்ளே வைத்தால், படிப்பவர் புள்ளியையும் சேர்த்துத் தட்டச்சு செய்கிறார். புள்ளியை வெளியே வைக்க அவர்கள் ஒப்பவில்லையெனில், கடவுச்சொல்லைத் தனி வரியில், எந்தக் குறியும் இல்லாமல் எழுதிவிடுகிறேன்.