வளர்ச்சிச் சவால் உள்ள குழந்தைகளுக்கு மூளைப் பயிற்சித் திட்டங்கள் பயன் தருகின்றனவா? எப்படி மதிப்பிடுவது?

இளந்தளிர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது. அவனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட நிலை) இருப்பதாகவும், அதனுடன் வாசிப்புக் குறைபாடும் சேர்ந்திருப்பதாகவும் மருத்துவ உளவியலாளர் மதிப்பீடு செய்து சொல்லியிருக்கிறார். சிறப்பாசிரியரிடம் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. முன்னேற்றம் தெரிகிறது, ஆனால் மிக மெதுவாகத் தெரிகிறது. இந்நிலையில் ஒரு பயிற்சி மையத்தினர், கணினி விளையாட்டுகளின் வழியாகச் செயல் நினைவாற்றலையும் (ஒரு வேலையைச் செய்யும்போதே அதற்கு வேண்டியதை மனத்தில் வைத்திருக்கும் திறன்) கவனத்தையும் வலுப்படுத்திவிட்டால் படிப்பு தானாகவே சீராகிவிடும் என்று கூறி, பல மாதங்கள் நீளும் ஒரு திட்டத்தில் சேரச் சொல்கிறார்கள். ஏற்கெனவே பயிற்சி பெற்ற குழந்தைகளின் மதிப்பெண்கள் முதல் வாரம் தொடங்கிக் கடைசி வாரம் வரை ஏறிக்கொண்டே போகும் வரைபடங்களைக் காட்டினார்கள். மூளை எந்த வயதிலும் மாறக்கூடியது, எனவே உரிய பயிற்சி அதை மாற்றும் என்ற விளக்கமும் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது.

செலவைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். பள்ளி விட்டு வந்தபின் அவனிடம் மிஞ்சும் நேரமும் தெம்பும் கொஞ்சம்தான் என்பதால், அதை எதற்குக் கொடுப்பது என்பதே என் கவலை. அந்த வரைபடங்களை நம்பலாமா? ஒரு பெற்றோராக நான் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்?

நிதானம் எழுதியது:

மருத்துவ உளவியல் துறையில் பணிபுரிகிறேன். இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவர்கள் காட்டிய வரைபடம் உண்மையானதாகவே இருக்கலாம். அது எதை அளக்கிறது என்று பாருங்கள். இத்தகைய திட்டங்களில் பரவலாகக் காணப்படும் பயிற்சி ஒன்றில், திரையில் சதுரக் கட்டங்கள் தோன்றும். அவற்றுள் சில ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்து அணையும். ஒளிர்ந்த அதே வரிசையில் குழந்தை அவற்றைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் அடுத்த முறை ஒரு கட்டம் கூடும், தவறினால் ஒன்று குறையும். இதைத் தொடர்ந்து பல வாரங்கள் செய்யும் குழந்தை அதில் தேறிவிடுவது இயல்பு. பயிற்சி முடிந்தபின் வைக்கப்படும் தேர்வும் பெரும்பாலும் இதே சாயலில் இருப்பதால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். ஆனால் அதே குழந்தையிடம் ஆசிரியர், "கணக்குப் புத்தகத்தை எடு, நாற்பதாம் பக்கத்தைத் திற, இரண்டாவது கணக்கை மட்டும் செய்" என்று சொல்லும்போது, புத்தகத்தை எடுத்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பது குறைந்திருக்கிறதா என்பதை அந்த வரைபடம் சொல்லாது. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது மாற்றம்.

இதைப் பற்றி ஆய்வுகள் நிறையவே நடந்திருக்கின்றன. மோனிகா மெல்பி-லெர்வாக், சார்ல்ஸ் ஹியூம் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 2013-லும், பின்னர் தாமஸ் ரெடிக்கையும் சேர்த்துக்கொண்டு 2016-லும், செயல் நினைவாற்றல் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். இரண்டாவது தொகுப்பில் 87 ஆய்வு வெளியீடுகள் இடம்பெற்றன. பயிற்சியில் செய்ததை ஒத்த பணிகளில் முன்னேற்றம் தெரிந்தது. வேறொரு பயனுள்ள பணியில் ஈடுபடுத்தப்பட்ட ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்த்தபோது, வாசித்துப் புரிந்துகொள்ளுதல், கணக்கு, பொது அறிவுத்திறன் ஆகியவற்றுக்கு அந்த முன்னேற்றம் சென்று சேர்ந்ததற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. 2016-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, செயல் நினைவாற்றல் குறைவாக இருந்த 452 முதல் வகுப்புக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பயிற்சி அளித்தது. ஓராண்டிலும் ஈராண்டிலும் சோதித்தபோது வாசிப்பிலோ எழுத்துக்கூட்டலிலோ பயிற்சிக் குழு முந்தவில்லை. கணக்கில், ஈராண்டு முடிவில், பயிற்சி பெற்ற குழந்தைகள் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். பயிற்சிக்காக அவர்கள் வகுப்பிலிருந்து வெளியே அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நேரத்தைப் பற்றிய உங்கள் கவலை மிகவும் சரியானது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஒப்பீட்டுக் குழு இல்லாத முன்-பின் வரைபடம் ஏன் ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் குழந்தை வளர்கிறது, பள்ளியிலும் கற்கிறது. பெற்றோர் உதவி தேடி வருவது பெரும்பாலும் நிலைமை மிக மோசமாக இருக்கும் வேளையில்தான் என்பதால், எதுவும் செய்யாவிட்டாலும் அதன்பின் ஓரளவு தணிவு ஏற்படுவதுண்டு. பயிற்சி நடப்பதை அறிந்தவர்களின் கண்ணுக்கு மாற்றம் கூடுதலாகத் தெரியும். ஏடிஎச்டி உள்ள குழந்தைகளுக்கான இவ்வகைப் பயிற்சிகளைக் கோர்த்தேசே தலைமையிலான குழு 2015-இல் ஆராய்ந்தபோது, யாருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது என்று அறியாதவர்கள் அளித்த மதிப்பீடுகளில் அறிகுறிகளின் குறைவு வெகுவாகச் சுருங்கிவிட்டது.

மூளை மாறக்கூடியது என்பது உண்மை. எதைக் கற்றாலும் மூளை மாறும் என்பதால், இந்தக் குறிப்பிட்ட விளையாட்டு உங்கள் மகனின் வாசிப்பை மாற்றும் என்பதற்கு அது சான்றாகாது. இதே வாதத்தின் பழைய வடிவம் ஒன்றும் உண்டு. 1960-களில் டோமன்–டெலக்காட்டோ முறை என்ற பெயரில், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் கைகால்களைப் பெரியவர்கள் பலர் பிடித்துக்கொண்டு, தவழ்வது போல நாள்தோறும் திரும்பத் திரும்ப அசைத்தார்கள். மூளை மறுபடி ஒழுங்கமையும் என்பதே அங்கும் சொல்லப்பட்ட காரணம். அதற்குச் சான்றில்லை என்றும், குடும்பங்கள் மீது அது தாங்க முடியாத சுமையை ஏற்றுகிறது என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1982-லும் 1999-லும் அறிக்கை வெளியிட்டது.

பொன்வண்டு எழுதியது:

மேலே உள்ள பதிவை மதிப்புடன் வாசித்தேன். ஆனாலும் என் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மகளுக்கு ஆட்டிசம் உண்டு. வீட்டிலேயே செய்யக்கூடிய இத்தகைய திட்டம் ஒன்றைச் சில மாதங்கள் செய்தோம். அதற்கு முன் ஒரு வேலையில் ஐந்து நிமிடம்கூட உட்காராதவள், பின்னர் என்னோடு மேசை முன் அமரப் பழகினாள். விளையாட்டில் தோற்றால் முன்பு கருவியைத் தள்ளிவிடுவாள், பிறகு "இன்னொரு தடவை" என்று கேட்கத் தொடங்கினாள். ஆய்வுகள் சராசரியைச் சொல்கின்றன. என் குழந்தையிடம் நான் கண்டதை ஒரு சராசரி இல்லையென்று ஆக்கிவிட முடியுமா?

எழுத்தாணி எழுதியது:

சகோதரி, நீங்கள் கண்ட மாற்றத்தை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. அந்த மாற்றம் எதனால் வந்தது என்பதை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தாய் பக்கத்தில் அமர்ந்து, சிறு வெற்றிக்கும் பாராட்டி, தோல்வியில் பொறுமை காத்த அந்த அரை மணி நேரத்துக்கே வலிமை உண்டு. சிறப்பாசிரியராகப் பல குழந்தைகளிடம் அதைக் கண்டிருக்கிறேன். அந்த வலிமை கதைப் புத்தகத்தின் முன்னும், அடுக்கும் கட்டைகளின் முன்னும் அப்படியே இருக்கும்.

இளந்தளிர் அவர்களே, உங்கள் மகனைப் பொறுத்தவரை வாசிப்புக் குறைபாடு தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் படிப்படியாக, நேரடியாக, மீண்டும் மீண்டும் கற்பிக்கும் முறைக்குத்தான் இதில் வலுவான ஆய்வுச் சான்று இருக்கிறது. ஒரு சொல்லை ஒலிகளாகப் பிரிப்பது, பிரித்த ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது, சேர்த்த சொல்லை வரியில் வைத்து வாசிப்பது, வாசித்ததையே மறுநாளும் வாசிப்பது என்று அது நகரும். பார்ப்பதற்கு இதில் கவர்ச்சி எதுவுமில்லை, வரைபடமும் செங்குத்தாக ஏறாது. ஆனால் குழந்தை பயிற்சி எடுப்பதும் வாசிப்பில்தான், தேறுவதும் வாசிப்பில்தான். மூளைவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் நிலை) உள்ள குழந்தைகளின் சிகிச்சையிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது: குழந்தைக்கு எந்தச் செயல் வேண்டுமோ, அதையே இலக்காக வைத்துப் பழக்கும் முறைகள் நல்ல பலன் தருகின்றன.

வகுப்பறையில் அவன்மேல் விழும் நினைவுச் சுமையைக் குறைப்பதற்கும் வழியுண்டு. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் சொல்லுமாறும், செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி படமாகவோ எழுத்தாகவோ மேசையில் ஒட்டிவைக்குமாறும் ஆசிரியரிடம் கேளுங்கள். இதற்கு எந்த மையமும் தேவையில்லை.

இளந்தளிர் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் இன்னும் இருக்கின்றன. ஏடிஎச்டிக்காக அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே ஒரு காணொளி விளையாட்டுக்கு அனுமதி அளித்திருப்பதாக மையத்தினர் சொன்னார்கள். அது உண்மையா? இன்னொன்று, இதையெல்லாம் அறிந்த பின்னும் ஒரு பெற்றோர் முயன்று பார்க்க விரும்பினால், அதை முறையாகச் செய்வது எப்படி?

நிதானம் எழுதியது:

அனுமதி அளிக்கப்பட்டது உண்மை. எண்டெவர் ஆர்எக்ஸ் என்ற விளையாட்டுக்கு 2020 ஜூன் மாதத்தில், 8 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்காக அது கிடைத்தது. அதற்கு ஆதாரமான முக்கிய ஆய்வில் 348 குழந்தைகள் பங்கேற்றனர். கணினியில் செய்யப்படும் கவனச் சோதனை ஒன்றில் அதை விளையாடியவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். ஆனால் பெற்றோரும் மருத்துவரும் அளித்த அறிகுறி மதிப்பீடுகளில், வேறொரு சாதாரண விளையாட்டை ஆடிய குழுவுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மேலும், ஒரு விளையாட்டுக்குக் கிடைத்த அனுமதி இன்னொரு நிறுவனத்தின் விளையாட்டுக்குப் பொருந்தாது. அதே அமெரிக்காவில், 2016-இல், சான்றில்லாத விளம்பரங்களுக்காக லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டுத் தளத்தை நடத்தும் நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. ஏடிஎச்டி, ஆட்டிசம் உள்ளிட்டவற்றுக்குத் தன் பயிற்சி உதவும் என்று விளம்பரம் செய்த லேர்னிங்ஆர்எக்ஸ் நிறுவனத்தின்மீதும் அதே ஆண்டில் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

முயன்று பார்ப்பதென்றால், தொடங்குவதற்கு முன்பே விளையாட்டுக்கு வெளியே உள்ள ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுப்பாடத்தின்போது எத்தனை முறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்பது போல, எண்ணக்கூடியதாக அது இருக்கட்டும். பயிற்சிக்கு முன் இரண்டு வாரங்கள் அதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள், பயிற்சியின்போதும் முடிந்தபின்னும் தொடர்ந்து எழுதுங்கள். முடிந்தால் பயிற்சி எப்போது தொடங்கியது என்று அறியாத வகுப்பாசிரியரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். எத்தனை வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள், ஏனெனில் பணமும் உழைப்பும் போட்ட பின் நிறுத்துவதற்கு மனம் வராது. உங்கள் மகனைப் போன்ற குழந்தைகளை ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துச் செய்த, மையத்தோடு தொடர்பில்லாதவர்கள் நடத்திய ஆய்வு இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள், இங்கேயே சேர்ந்து வாசிப்போம்.

இந்தப் பயிற்சிக்காக மருத்துவர் எழுதிய மருந்தையோ, சிறப்பாசிரியரின் வகுப்பையோ நிறுத்தச் சொன்னால் மட்டும், மேற்கொண்டு எதையும் மதிப்பிட வேண்டியதில்லை. மறுத்துவிட்டு வந்துவிடுங்கள்.