ஆறு வருட ஃப்ரண்ட் ஆபீஸ் அனுபவம்: பொது எம்பிஏவா, ஹாஸ்பிடாலிட்டி எம்பிஏவா?

கேள்வி (இரவு ஷிஃப்ட்):
ஆறு வருடமாக ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸ் (வரவேற்புப் பகுதி), இப்போது டியூட்டி மேனேஜர். போன மாதம் வேறொரு ஹோட்டலில் ரெவென்யூ மேனேஜர் (அறை விலையை முடிவு செய்து வருமானத்தைப் பார்ப்பவர்) வேலைக்கு நேர்காணல். ஒரு மாத லாப நட்டக் கணக்கை முன்னால் வைத்து, "ஜிஓபி ஏன் இறங்கியிருக்கிறது?" என்று கேட்டார்கள் (ஜிஓபி என்றால் ஹோட்டலை நடத்தும் செலவு போக மிஞ்சும் லாபம்). அறை வருமானம் ஏறியிருந்தது தெரிந்தது. அதற்குக் கீழே இருந்த வரிகள் பிடிபடவே இல்லை. படிக்காமல் இனி நகர முடியாது. பொது எம்பிஏவா, ஹாஸ்பிடாலிட்டிக்கென்றே, அதாவது ஹோட்டல் தொழிலுக்கென்றே, உள்ள படிப்பா? வேலையை விடலாமா?

பதில் (அறை 100):
நானும் ஃப்ரண்ட் ஆபீசிலிருந்து போனவள்தான். ஹாஸ்பிடாலிட்டி எம்பிஏ முடித்து ரெவென்யூ பக்கம் வந்தேன். முதல் வாரம் போட்ட கணக்கு இது. 100 அறையில் 70 அறையை 100 வீதம் விற்றால் 7,000. விலையை 80 ஆக்கி 85 அறை விற்றால் 6,800. லாபி நிறைந்திருக்கும், வரவு குறைந்திருக்கும். அப்புறம் அந்த 15 அறைக்கும் ஹவுஸ்கீப்பிங், சலவை, வெந்நீர், ஆன்லைன் தளத்துக்குக் கமிஷன். அதுவரை காலைக் கூட்டத்தில் ஆக்குபென்சி (நிறைந்த அறைகளின் விகிதம்) எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்!

எந்த விலைக்கு எத்தனை அறை விற்பது என்று கணக்கிடும் இந்த வித்தை விமானத் துறையிலிருந்து வந்தது. 1978இல் அமெரிக்காவில் விமானக் கட்டணக் கட்டுப்பாடு போனதும் விமான நிறுவனங்கள் பழகியதை ஹோட்டல்கள் எடுத்துக்கொண்டன. பொது எம்பிஏவில் இது ஒரு உதாரணமாக வந்து போகும். ஹாஸ்பிடாலிட்டி படிப்பில் இதுதான் பாடமே. சுவிட்சர்லாந்தின் லோசானில் 1893இலிருந்தும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1922இலிருந்தும் ஹோட்டல் தொழிலைச் சொல்லித் தருகிறார்கள். ரெவென்யூதான் இலக்கு என்றால் யோசிக்காதீர்கள்.

பதில் (கட்டடக்காரர் பக்கம்):
நான் பொது எம்பிஏ. ஹோட்டல் முதலீட்டாளர்களுக்காக அசெட் மேனேஜ்மென்ட் (அவர்கள் ஹோட்டல் லாபம் தருகிறதா என்று கவனிக்கும் வேலை) செய்கிறேன். வாசலில் பெரிய ஹோட்டல் செயினின் பெயர் இருக்கும், கட்டடம் பெரும்பாலும் வேறொருவருடையது. நடத்தித் தரும் செயினுக்கு மொத்த வருமானத்தில் ஒரு பங்கு, ஜிஓபியில் இன்னொரு பங்கு என்பதுதான் வழக்கமான ஒப்பந்தம். நீங்கள் தடுமாறிய அந்த வரியில்தான் எங்கள் சண்டை முழுவதும் நடக்கிறது. எதிரில் உட்காருபவர்கள் வங்கிக்காரர்கள், நில முதலீட்டாளர்கள். அந்தப் பக்கம் வர ஆசை என்றால் பொது எம்பிஏ நன்றாகக் கைகொடுக்கும். வேலையை மட்டும் இப்போதே விட்டுவிடாதீர்கள். முதலில் உங்கள் ஹோட்டலின் மாதக் கணக்கையே கேட்டு வாங்கிப் படியுங்கள். ஹோட்டல்களுக்கான பொதுக் கணக்கு முறை 1926இலிருந்தே இருக்கிறது. ஒன்றைப் படிக்கத் தெரிந்தால் மற்றதும் வரும்.

இரவு ஷிஃப்ட்:
இன்று ஷிஃப்ட் முடிந்ததும் அக்கவுண்ட்ஸில் போய் உட்கார்ந்தேன். எங்களுக்கும் அதே கதை: அறை வருமானம் ஏறியிருக்கிறது, ஜிஓபி இறங்கியிருக்கிறது. கமிஷனும் மின்சாரச் செலவும் தின்றிருக்கின்றன. சரி, ரெவென்யூதான் என்று முடிவு செய்துவிட்டேன். வேலையில் இருந்தபடியே பகுதி நேரமாக ஹாஸ்பிடாலிட்டி எம்பிஏ முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஷிஃப்டை எப்படிச் சமாளித்தீர்கள்?