பெரிய வீட்டுக் குழு: ஆவணி முகூர்த்தமும் சூடான் தடையும்

2025 ஜூலை 6, ஞாயிறு

கோமதி: மாடி வீட்டு அக்கா ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறார். சூடானில் விஷவாயு போட்டதற்காக அமெரிக்கா தடை விதித்துவிட்டதாம். அங்கே வேலை பார்ப்பவர்களின் வங்கிக் கணக்கு முடங்குமாம், அவர்களின் உறவினருக்கும் அமெரிக்க விசா கிடைக்காதாம். நம் மீனாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை செந்தில் போர்ட் சூடானில்தானே இருக்கிறார்? அண்ணா, சுங்கத்தில் இருந்தவர் நீங்கள்தான், பார்த்துச் சொல்லுங்கள்.

வேலாயுதம்: மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

முத்துக்குமார்: எனக்கு அடுத்த வாரம் விசா நேர்காணல் இருக்கிறது, பெரிய மாமா.

சிவசங்கரன்: தடை உண்மை. மற்ற இரண்டும் கட்டிவிட்ட கதை. இரசாயன, உயிரியல் ஆயுதங்களைக் கட்டுப்படுத்த 1991 டிசம்பரில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. ஓர் அரசு சர்வதேசச் சட்டத்தை மீறி இரசாயன ஆயுதத்தைப் பயன்படுத்தியது என்றோ, தன் சொந்த மக்கள்மீதே ஏவியது என்றோ அதிபர் முடிவுக்கு வந்துவிட்டால், அந்த அரசின்மீது தடை விதித்தே ஆக வேண்டும் என்கிறது அச்சட்டம். சூடான் ராணுவம் 2024இல் அவ்வாறு செய்தது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மே 22 அன்று அறிவித்தது. சூடான் அரசு மறுத்தாலும் ஜூன் 27 முதல் தடை நடைமுறைக்கு வந்துவிட்டது. உணவும் அவசர மனிதாபிமான உதவியும் நீங்கலாக அந்த அரசுக்குப் போகும் உதவி, ஆயுத விற்பனை, அமெரிக்க அரசு கொடுக்கும் கடன், பாதுகாப்பு தொடர்பான பொருள்களின் ஏற்றுமதி ஆகியவைதாம் முதற்கட்டத்தில் நிற்கும். செந்திலின் சம்பளமும் முத்துவின் விசாவும் அதில் எங்குமே இல்லை.

கணபதி (கிளாங்): இதே சட்டத்தை வடகொரியாவுக்கும் போட்டார்கள், அண்ணா. 2017 பிப்ரவரியில் எங்கள் கோலாலம்பூர் கே.எல்.ஐ.ஏ. 2 விமான நிலையத்தில் வடகொரியத் தலைவரின் அண்ணன் கிம் ஜோங் நாமின் முகத்தில் விஎக்ஸ் என்ற நரம்பு நஞ்சைப் பூசிக் கொன்றார்கள் அல்லவா? அன்று காலை நானும் அங்கேதான்...

சாந்தி: தம்பி, இந்த முறை எத்தனை அடி தள்ளி நின்றீர்கள்?

முத்துக்குமார்: போன பொங்கலுக்குப் பக்கத்து வரிசையில் நின்றார், அத்தை.

சிவசங்கரன்: கணபதி சொன்னது பொருத்தமான செய்திதான். அந்தக் கொலைக்காக 2018 மார்ச்சில் தடை வந்தது. ஆனால் ஏற்கெனவே எல்லா வாசலும் அடைக்கப்பட்டிருந்த வடகொரியாவுக்கு அதனால் புதிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கோமதி: அப்படியானால் விசாக் கதை எப்படிக் கிளம்பியது?

சிவசங்கரன்: ஜூன் 9 முதல் சூடான் குடிமக்கள் அமெரிக்காவுக்குள் நுழைய வேறொரு ஆணை தடை விதிக்கிறது. யாரோ இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். செந்தில் வைத்திருப்பது இந்தியப் பாஸ்போர்ட்.

வேலாயுதம்: மச்சான், அமெரிக்கா சொன்னால் வேதவாக்கா? 1998இல் சூடான் தலைநகர் கார்ட்டூமில் அல்-ஷிஃபா மருந்துத் தொழிற்சாலையை, விஎக்ஸுக்கு மூலப்பொருள் செய்கிறது என்று சொல்லி ஏவுகணை வீசித் தகர்த்தார்களே, அதற்கு உருப்படியான ஆதாரம் இன்றுவரை யாராவது காட்டியிருக்கிறார்களா? மாப்பிள்ளை இருப்பதும் மருந்து இறக்குமதி நிறுவனத்தில்தான்.

சிவசங்கரன்: நியாயமான சந்தேகம்தான். மூலப்பொருளை வைத்து முடிவுகட்டுவது எவ்வளவு கடினம் என்பதை நான் துறைமுகத்திலேயே பார்த்திருக்கிறேன். தயோனைல் குளோரைடு என்ற இரசாயனப் பீப்பாயின் மூடி சற்றுத் தளர்ந்தாலே ஈரக்காற்று பட்டு வெண்புகை கிளம்பும், மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகி நிற்போம். அது மருந்துக்கும் சாயத்துக்கும் போகும், கடுகு வாயு என்ற போர் நஞ்சுக்கும் போகும், எனவே வாங்குபவர் யார் என்ற காகிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்தச் சட்டம் பிறந்த கதை வேறு. 1988 மார்ச்சில் ஈராக்கின் ஹலப்ஜாவில் குர்து மக்கள்மீது சதாம் உசேனின் படை விஷவாயு வீசியது. அந்தச் செப்டம்பரில் அமெரிக்க செனட் ஒருமனதாக ஒரு தடை மசோதாவை நிறைவேற்றியும், ரீகன் அரசு எதிர்த்ததால் அது சட்டமாகவில்லை. 1990இல் கட்டாயத் தடை கொண்ட மசோதாவை மூத்த புஷ் கையெழுத்திடாமல் வீழ்த்தினார். நம்பகமான தகவல் கிடைத்தால் 60 நாளில் அதிபர் முடிவு சொல்ல வேண்டும், மூன்று மாதத்தில் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்றெல்லாம் 1991இல் கெடு வைத்தது இந்த அனுபவத்தால்தான் என்பது என் கருத்து. விஷவாயு வீசுபவனை மிரட்டுவதைவிட, கண்டும் காணாமல் இருக்கும் சொந்த அதிபரின் மூக்கில் கயிறு போடுவதற்கே இந்தச் சட்டம் அதிகம் உதவுகிறது. அந்தக் கயிறும் தளர்ந்ததுதான். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஸ்கிரிபால்மீது நோவிச்சோக் நஞ்சு ஏவப்பட்டது. ரஷ்யாமீதான முதற்கட்டத் தடைக்கு ஆகஸ்ட் ஆயிற்று. நவம்பரில் வர வேண்டிய இரண்டாம் கட்டம் 2019 ஆகஸ்டில்தான் வந்தது. அடுத்த ஆண்டே ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கும் அதே வகை நஞ்சு வைக்கப்பட்டது.

முத்துக்குமார்: மாமா, சூடானுக்கும் இரண்டாம் கட்டம் உண்டா?

சிவசங்கரன்: இனிப் பயன்படுத்த மாட்டோம் என்று நம்பத்தக்க உறுதி தந்து, நேரடிச் சோதனைக்கும் சம்மதிக்காவிட்டால், மூன்று மாதக் கெடு முடிந்ததும் அந்தப் பேச்சு வரும். உலக வங்கிக் கடனை எதிர்ப்பது, அந்த அரசுக்கு அமெரிக்க வங்கிகள் கடன் தருவதைத் தடுப்பது, விமானங்களை இறங்கவிடாதது உட்பட ஆறு வகையில் குறைந்தது மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலக்கு அளிக்கவும் அதிபருக்கு அதிகாரம் உண்டு. சட்டம் தொடாவிட்டாலும் சூடான் என்ற பெயரைப் பார்த்தாலே டாலர் பணத்தைச் சில வங்கிகள் நிறுத்தி வைக்கக்கூடும், ஆகவே இரண்டு மாதச் சம்பளத்தை முன்னதாகவே ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

கோமதி: இரண்டாம் கட்டப் பேச்சு வரும், பணம் நிற்கும் என்று நீங்கள் அடுக்கும்போது, உங்கள் தூத்துக்குடி வரனை நாங்கள் வேண்டாம் என்றது இன்னும் மனத்தில் இருக்கிறதோ என்று தோன்றுகிறது, அண்ணா.

சிவசங்கரன்: அந்தப் பையனுக்குப் போன தையிலேயே கல்யாணம் ஆகிவிட்டது, கோமதி.

சாந்தி: மதினி, தடையை விடுங்கள். மே மாதம் போர்ட் சூடானில் ட்ரோன் தாக்குதல் நடந்தபோது இரண்டு இரவு மீனா தூங்கவில்லை. 2023இல் சூடான் போரிலிருந்து இந்தியர்களை மீட்ட ஆபரேஷன் காவேரியில் கப்பலேறி ஜெட்டா வழியாக வந்து சேர்ந்த பையன் அங்கேயே திரும்பிப் போனதைத்தான் நாம் பேச வேண்டும்.

மீனா: அத்தை, அவரிடம் இப்போதுதான் பேசினேன். சம்பளம் நின்றதில்லை, ஆவணி முதல் வாரம் வந்துவிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு அங்கே போவதா என்பதை நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

வேலாயுதம்: பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே வேலை பார்க்கும் ஊரைப் போடுவதா என்று அச்சகத்தில் கேட்கிறார்கள்.

கணபதி (கிளாங்): நிறுவனத்தின் பெயர் மட்டும் போதும்.

கோமதி: ஊர் போடாவிட்டால் சம்பந்தி வீட்டில் கேட்பார்கள்.

சிவசங்கரன்: செவ்வாய் வரை அச்சகத்தைப் பொறுக்கச் சொல்லுங்கள், மாப்பிள்ளை. நான் செந்திலின் அப்பாவிடம் பேசுகிறேன்.

வேலாயுதம்: நீங்கள் பேச வேண்டாம், மச்சான். நானே பேசுகிறேன்.